நான்காம் எண் தலையணை

அந்த இழையைப் பார்த்ததும், தன் இமைமுடிதான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது என்று ஜெயசீலன் நினைத்தான். நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுத்துக் கண்ணைத் தேய்த்துவிட்டு, பழைய தகட்டைத் தூக்கிப் போட்டு, புதுத் தகட்டில் புதுச் சொட்டு வைத்துப் பார்த்தான். அதிலும் ஒன்று கிடந்தது. பழுப்பு நிறம், இரண்டு பக்கமும் சிலும்பல். கோயம்புத்தூரில் பிறந்து பொள்ளாச்சியில் பெண் எடுத்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேங்காய் நார்.

"போச்சுடா" என்றான் வாய்விட்டு.

நார் மட்டும் என்றால் வடிகட்டித் தொலைத்துவிடலாம். அதைச் சுற்றி மிதந்த செல்களின் வயிற்றுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்றில் இரண்டு, இன்னொன்றில் ஐந்து. பூஞ்சை வித்துகள். பரிசோதனைக்கூடச் சுவரில் மாட்டியிருந்த விதிப்பலகையின் முதல் வரியே அதைப் பற்றித்தான்: வித்து தென்பட்ட கழுவல் நீரை உடனே அழிக்க வேண்டும். அந்த வரியை எழுதியவன் ஜெயசீலனேதான். எழுதி, மருத்துவமனை இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, சட்டம் போட்டு, ஆணி அடித்து மாட்டியதும் அவன்தான். ஆணி அடிக்கும்போது அவனுக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை இப்போது சொன்னால் அவனே வெட்கப்படுவான்.

மணி பதினொன்றே கால். நான்காம் எண் கொடையாளியின் நுரையீரலுக்குள் மெல்லிய குழாயை விட்டு, உப்புநீரை ஊற்றி, உறிஞ்சி எடுத்தது பத்து மணி பத்து நிமிடத்துக்கு. உடம்பைவிட்டு வெளியே வந்த செல்கள் ஆறு மணி நேரம்தான் தாங்கும். நாலு மணி பத்து நிமிடத்துக்குள் இது ஏழாவது மாடியில் படுத்திருக்கும் கோகிலவாணியின் நுரையீரலுக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தப் பெண் நாளைக் காலையைப் பார்க்கமாட்டாள்.

போன் அடித்தது. நுரையீரல் மருத்துவர் ரஹ்மத் நிஷா. அவருக்கு 'ஹலோ' சொல்லும் வழக்கமெல்லாம் கிடையாது.

"சீலன், நாலாம் நம்பர் வந்துருச்சா?"

"வந்துருச்சு டாக்டர். ஆனா..."

"ஆனாவெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தப் பொண்ணுக்கு வலது பக்கம் பாதி போயிருச்சு. நீங்க பாஸ் பண்ணுங்க, மூணு மணிக்கு ஏத்திடறேன்."

"வித்து இருக்கு டாக்டர். உயிரோடயா செத்ததான்னு தெரியலை."

"நாலுலயா? நம்மகிட்ட உருப்படியா இருக்கறதே அது ஒண்ணுதானே? வேற எது கைவசம் இருக்கு?"

"ஏழு இருக்கு. கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனா பத்து வித்துப் போட்டா மூணைத்தான் முழுங்குது."

"மூணை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? போன மாசம் அந்த வாத்தியாருக்கு இதே ஏழைத்தான் குடுத்தோம். நாலாம் நாள் பாடியைக் குடுத்து அனுப்பினோம்." உடனே அடுத்ததுக்குப் போனார். "எப்படி வந்துச்சு வித்து? போய்ப் பாருங்க. பாத்துட்டு ஒரு முடிவு சொல்லுங்க."

கொடையாளிகள் தங்கியிருக்கும் விடுதி மருத்துவமனைக்குப் பின்னால்தான் இருக்கிறது. தாழ்வாரத்தைத் தாண்டிப் போவதற்குள் கோகிலவாணியின் கணவன் சபரிநாதன் வழிமறித்துவிட்டான். டவுன் பஸ் ஓட்டுநர். மூன்று நாளாக அதே காக்கிச் சட்டை. ஷிப்டிலிருந்து நேராக வந்தவன் வீட்டுக்கே போகவில்லை.

"சார், நீங்கதானே அந்த செல்லு பாக்குறவரு? கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. டாக்டரம்மா சொல்றது ஒண்ணும் ஏற மாட்டேங்குது. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

ஜெயசீலனுக்கு நிற்க நேரமில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நடக்கவும் முடியவில்லை.

"நாம மூச்சு இழுக்குறப்பல்லாம் காத்துல இருக்கற பூஞ்சை வித்து உள்ள போயிட்டுத்தான் இருக்கு. எல்லாருக்கும்தான். நுரையீரலோட கடைசிக் குட்டி அறைங்க இருக்கில்ல, அங்க காவலுக்குன்னு சில செல்லுங்க சுத்திக்கிட்டே இருக்கும். வித்தைக் கண்டா முழுங்கி, வயித்துக்குள்ளயே கரைச்சிரும். நமக்குத் தும்மல்கூட வராது. தப்பிச்ச வித்து முளைச்சு வேர் விட்டுச்சுன்னா, ரத்தத்துல இருந்து வெள்ளையணு படையா ஓடி வந்து அதை அடிக்கும்."

"சரிங்க."

"உங்க வீட்டம்மாவுக்கு ரத்தப் புத்துநோய்க்குக் குடுத்த மருந்துல அந்தப் படையும் போச்சு, காவலும் போச்சு. பூஞ்சை உள்ள வேர் விட்டிருக்கு. முன்னெல்லாம் மாத்திரையிலயே அடங்கும். இந்த ஆறு வருசமா வர்ற பூஞ்சை எந்த மருந்துக்கும் மசியறதில்லை. அதனாலதான் வேற ஒருத்தர் நுரையீரல்ல இருந்து காவல் செல்லை எடுத்து இவங்களுக்குக் கடனா விடறோம். நாலு நாள் அது தாக்குப் பிடிச்சாப் போதும். அதுக்குள்ள அவங்களோட சொந்த வெள்ளையணு வந்துரும்."

"அப்ப செல்லு ரெடியா சார்?"

"பாத்துட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஜெயசீலன் வேகமாக நடந்தான். பொய் சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை.

வெளியே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. விடுதிக்குள் அதெல்லாம் கிடையாது. இரட்டைக் கதவு, காலுக்கு உறை, தலைக்கு உறை. உள்ளே வரும் காற்று நாலு வடிகட்டியைத் தாண்டித்தான் வரும். தை மாதம் திறந்தார்கள். அதுவும் ஜெயசீலனின் யோசனைதான். ஒன்பது கொடையாளிகளும் பொள்ளாச்சிப் பக்கத்து நார் மில்களில் இருபது வருடம் நார்த்தூள் சலித்த பெண்கள். அவர்களுடைய காவல் செல்கள் பூஞ்சையை விழுங்குகிற வேகம் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் மில்லிலிருந்து நேராக வந்து கழுவினால் நீரில் தூசியும் வித்துமாக வந்தது. பாவம், இருமிக்கொண்டும் இருந்தார்கள். அவர்களை மில்லிலிருந்து மீட்டு, நல்ல காற்றில் உட்கார வைத்து, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டால் அவர்களுக்கும் நல்லது, நோயாளிக்கும் நல்லது என்று இயக்குநரிடம் மன்றாடி வாங்கியது இந்த விடுதி. செடி கூடாது. பழைய துணி கூடாது. பூவில் பூசணம் பிடிக்கும் என்று தலையில் பூகூடக் கூடாது. வெள்ளிக்கிழமையானால் அந்தப் பெண்கள் வெறும் கொண்டையோடு உட்கார்ந்து அவனைத் திட்டுவார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.

நான்காம் எண், தெய்வானை, கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்துநாலு வயது. கழுவல் முடிந்தால் தொண்டை எரியும் என்பதால் கையில் வெந்நீர் டம்ளர்.

"வாங்க சார். காத்தாலதானுங்களே கழுவுனாங்க? மறுக்காவுமா?"

"தெய்வானையக்கா, உண்மையைச் சொல்லுங்க. மில்லுப் பக்கம் போனீங்களா?"

"அய்யோ, இல்லீங்க! கேட்டைத் தாண்டுனா வார்டனம்மா உசுரை எடுத்துருவாங்களே."

"பின்ன எப்படி உங்க மூச்சுல நார் வந்துச்சு? யாராவது ஊர்ல இருந்து ஏதாச்சும் கொண்டு வந்து குடுத்தாங்களா?"

"ஒருத்தரும் ஒண்ணும் கொண்டாரலீங்க."

ஜெயசீலன் அறையைச் சுற்றிப் பார்த்தான். பார்க்க என்ன இருக்கிறது? வெள்ளைச் சுவர், ஸ்டீல் அலமாரி, மடித்து வைத்த நாலு புடவை. அலுத்துப்போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைத் தலையணையில் ஊன்றினான். கை உள்ளே இறங்கவில்லை. கருங்கல்லில் ஊன்றியது போல் நின்றது. அதே சமயம் தெய்வானையின் முகம் வெளிறியது.

"சார், அதை விடுங்க சார்."

அவன் தலையணையைத் தூக்கினான். விடுதி கொடுத்த அதே வெள்ளை உறை. ஆனால் குழந்தை கனம் கனத்தது. ஓரத்தில் விடுதிக்காரர்களின் தையல் இல்லை. கைத்தையல். நகத்தால் இரண்டு தையலைப் பிரித்ததும் பழுப்புத் தூள் பொலபொலவென்று அந்தப் பளிங்குத் தரையில் கொட்டியது.

"அக்கா!"

"கழுத்து புடிச்சுக்குதுங்க சார்" என்றாள் தெய்வானை. அழுதுவிடுவாள் போலிருந்தது. "நீங்க குடுத்த தலகாணில படுத்தா தலை உள்ளுக்குப் போயி ரெண்டு காதையும் மூடிக்குதுங்க. ஒரு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருந்தேன். கழுத்து இப்புடியும் திரும்ப மாட்டேனுது, அப்புடியும் திரும்ப மாட்டேனுது. மாசியில கோயில் நோம்பிக்கு லீவு குடுத்து ஊருக்கு அனுப்புனப்ப, என்ற பழைய தலகாணியில இருந்த நார்த்தூளைப் பையில கட்டிக் கொண்டாந்து இதுக்குள்ள ரொப்பித் தெச்சுப்போட்டேனுங்க. அன்னைக்கிருந்துதான் நானு மனுசியாட்டத் தூங்கறேன்."

"ஆறு மாசமா இதுலயா படுத்திருக்கீங்க? வெயில்ல காயவாவது வெச்சீங்களா?"

"எங்கத்தீங்க காய வெக்கறது? மாடில போட்டா வார்டனம்மா பாத்துப்போடுவாங்களே. கொஞ்சம் பூசண வாசம் அடிக்குதுங்க. பழகிப்போச்சு. நேத்துத்தான் ஒரே கட்டி கட்டியா இருக்குதேன்னு நல்லாத் தட்டி ஒடைச்சு விட்டேன்."

ஜெயசீலனுக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. "பூசணமா! பூசணத்துக்கிட்ட இருந்து நாலு பேரைக் காப்பாத்தத்தானே உங்களை இங்க வெச்சிருக்கோம்! ஏழாவது மாடியில ஒரு பொண்ணு உங்க செல்லுக்காகக் காத்துட்டுக் கெடக்கறா, தெரியுமா உங்களுக்கு? அத்தனையும் இப்பக் கொண்டுபோய்க் கொட்டணும்!"

தெய்வானை டம்ளரைக் கீழே வைத்தாள். தரையில் கிடந்த தூளைக் கையால் கூட்டி ஒன்றுசேர்த்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"என்ற மூச்சை ஏத்திக்கிட்டவங்க யாராச்சும் செத்துட்டாங்களா சார்?"

'ஆமாம்' என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். கத்த முடியவில்லை. நான்காம் எண்ணின் செல் யார் யாருக்குப் போயிற்று என்பது அவனுக்கு மனப்பாடம், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவன் அவன்தானே. தையிலிருந்து பதினாலு பேர். ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். காரமடைப் பையன் வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வக்கீலம்மாவும் வீடு திரும்பிவிட்டார். சுந்தராபுரம் டீக்கடைக்காரர் போன வாரம்தான் வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

"இல்லைக்கா" என்றான். "உங்க செல்லு போனவங்க ஒருத்தரும் சாகலை."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பதே அவன் காதில் விழுந்தது. மற்ற எட்டுப் பேருடைய செல்கள் போனவர்களில் பதினோரு பேர் செத்திருந்தார்கள். எட்டுப் பேரும் சுத்தமான தலையணையில் படுத்தவர்கள்.

அவன் எழுந்து ஓடினான்.

பரிசோதனைக்கூடத்தில் மணி பன்னிரண்டே கால். அவன் செய்ய நினைத்த சோதனைக்கு ஒரு மணி நேரம் ஆகும். இத்தனை மாதமாக, செல்களின் வேகம் குறையக் குறைய, எல்லோரும் சொல்லிவந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: பூஞ்சை தேறிவிட்டது, செல்லுக்குப் பிடிபடாமல் வேஷம் போடக் கற்றுக்கொண்டுவிட்டது. அவனும் அதைத்தான் சொன்னான். சொல்லச் சௌகரியமாக இருந்தது, யார் தப்பும் இல்லை. ஆனால் உறைபெட்டியின் அடித்தட்டில், இரண்டு வருடத்துக்கு முந்தைய பூஞ்சை ஒரு குப்பியில் இருந்தது. அது எதையும் புதிதாகக் கற்றுக்கொண்டிருக்க முடியாது. விடுதி கட்டுவதற்கு முன், ஏழாம் எண்ணின் செல்கள் அதே பூஞ்சையில் பத்துக்கு ஒன்பது விழுங்கியதாகப் பழைய குறிப்பு இருந்தது.

ஏழாம் எண்ணின் செல்களை அந்தப் பழைய பூஞ்சையோடு ஒரு தட்டில் விட்டான். நான்காம் எண்ணிலிருந்து சில சொட்டு எடுத்து இன்னொரு தட்டில். பிறகு உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்தான். டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணினார். எடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான், மூடினான். கும்பிடுகிற வழக்கம் விட்டுப்போயிருந்தவன், அன்றைக்குக் கும்பிட்டான். எதற்கு என்றுதான் தெரியவில்லை. தன் ஐயம் சரி என்றால் கோகிலவாணி பிழைக்கலாம். தப்பு என்றால் அந்தப் பதினோரு பேரின் பழியிலிருந்து அவன் பிழைக்கலாம்.

ஒன்று நாற்பதுக்குப் பார்த்தான். நான்கு: பத்துக்கு ஒன்பது. ஏழு: பத்துக்கு மூன்று.

ஏழாம் எண்ணின் செல்கள் வித்துக்குப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தன. தொட்டன, விலகின. அது என்னவென்றே அவற்றுக்குத் தெரியவில்லை. பூஞ்சை மாறவில்லை. செல்கள்தான் மறந்துவிட்டன. ஜெயசீலன் நாற்காலியில் அப்படியே சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். பதினோரு பேர். அவன் கண் முன்னால் வந்து நின்றது அந்த வாத்தியாரின் மகள். 'எல்லாம் சுத்தமாத்தான குடுத்தீங்க சார்?' என்று கேட்ட பெண். ஆமாம்மா, சுத்தமாகத்தான் கொடுத்தேன்.

இரண்டரைக்கு டாக்டரின் அறையில் நின்றான். சொல்லி முடிக்கும்வரை ரஹ்மத் நிஷா குறுக்கே பேசவில்லை, அதுவே அதிசயம்.

"காவல் செல்லுக்குத் தினம் வேலை இருக்கணும் டாக்டர். மில்லுல நாள் முழுக்கப் பூசணத் தூளைச் சலிச்சாங்க, வித்து வந்துட்டே இருந்துச்சு, செல்லும் பழகிட்டே இருந்துச்சு. நான் கொண்டுபோய்ச் சுத்தக் காத்துல உக்கார வெச்சேன். ஒரு வித்து கண்ணுல படாம ஏழு மாசம். எல்லாம் மறந்துருச்சு. இந்தம்மா ஒருத்தங்க மட்டும் எனக்குத் தெரியாம பூசணத்துல தலை வெச்சுப் படுத்ததால, அவங்க செல்லுக்கு மட்டும் மறக்கலை."

"சரி. ஆனா இந்தக் கழுவல்ல இருக்கற வித்துல ஒண்ணே ஒண்ணு கரையாம இருந்தாலும்?"

"நம்ம கையாலயே பூஞ்சையை ஊத்தின மாதிரி. கரைஞ்சுதா இல்லையான்னு தெரிய ஒரு நாள் வளர்த்துப் பாக்கணும்."

"ஒரு நாள் ஏது?" அவர் எழுந்து கதவைத் திறந்தார். "வெளிய இருக்கறவரைக் கூப்பிடுங்க. அவர் பொண்டாட்டி உசுரு. நாம ரெண்டு பேரும் பேசி முடிக்கற விஷயமில்லை."

சபரிநாதன் உட்கார மறுத்துவிட்டான். நின்றபடியே கேட்டான். ஜெயசீலன் இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. தலையணை முதல் பதினோரு பேர் வரை சொன்னான். ஒன்று சுத்தம், ஆனால் வேலைக்கு ஆகாது. இன்னொன்று வேலை செய்யும், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உத்தரவாதம் கிடையாது.

ஓட்டுநர் ஜன்னலுக்கு வெளியே காற்றில் ஆடிய மரத்தைப் பார்த்தான்.

"டிப்போவுல சில நாள் இப்படித்தான் சார் ரெண்டு வண்டி நிக்கும். ஒண்ணு கழுவித் தொடைச்சு பளபளன்னு இருக்கும், பிரேக் புடிக்காது. இன்னொண்ணு புகை கக்கும், கடமுடான்னு சத்தம் போடும், ஆனா மிதிச்சா நிக்கும். நான் எதை எடுப்பேன்னு கேக்கறீங்களா?" காகிதத்தை வாங்கி, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். "நாலாம் நம்பரையே ஏத்துங்கம்மா. ஏதாச்சும் ஆச்சுன்னா நான் யாரையும் கேக்க வரமாட்டேன்."

ஜெயசீலன் பரிசோதனைக்கூடத்துக்குப் போய், அனுமதிச் சீட்டில் 'வித்து உண்டு. விதியை மீறி, என் பொறுப்பில்' என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டான். மூன்றே முக்காலுக்கு ரஹ்மத் நிஷா குழாயை இறக்கினார்.

அடுத்த நாள் கோகிலவாணிக்குக் காய்ச்சல் குறையவில்லை. இரண்டாம் நாள் நூற்று நாலுக்கு ஏறியது. ஜெயசீலன் ஏழாவது மாடிக்கு லிப்டில் போவதை விட்டுவிட்டுப் படியேறினான், சபரிநாதனின் முகத்தைப் பார்க்கிற நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமே என்று. மூன்றாம் நாள் தெய்வானை வார்டனைக் கெஞ்சி அவனுக்குப் போன் போட்டாள். "அந்தப் புள்ளைக்கு எப்படிங்க இருக்குது?" நாளைக்குச் சொல்வதாகச் சொல்லி வைத்தான். மிச்சமிருந்த கழுவல் நீரை வளர்த்துப் பார்த்த தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்பது மட்டும் ஆறுதலாக இருந்தது. நாலாம் நாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் ரத்தத்தில் வெள்ளையணு எட்டிப்பார்த்தது. கோகிலவாணி கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, புருஷனைப் பார்த்து, "இந்தச் சட்டையைத் தொவைச்சா என்ன?" என்பதுதான். ரஹ்மத் நிஷா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் அழுதார். வெளியே வந்து எல்லோரையும் திட்டினார்.

அதற்கப்புறம் கூட்டம். ஜெயசீலன் எழுந்து நின்று, விடுதியும் விதியும் தன்னுடையவை, அந்தப் பதினோரு பேருக்கும் தானே பொறுப்பு என்றான். வேலை போகும் என்று எதிர்பார்த்துத்தான் நின்றான். இயக்குநரோ மேசையைத் தட்டிச் சந்தோஷப்பட்டார்.

"நீங்க எதுக்கு மாஞ்சு போறீங்க? பெரிய விஷயத்தைக் கண்டுபிடிச்சிருக்கீங்க! விடுதியில ஒரு ரூமை ஒழிச்சு, அளவாத் தூசி விடுவோம். தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு வரட்டும். அவ்வளவுதானே?"

விடுதியில் கேட்டபோது பெண்கள் எல்லோரும் உடனே கையைத் தூக்கினார்கள். "நாங்க பாக்காத தூசிங்களா சார்?" என்று ஒருத்தி சிரித்தாள். ஜெயசீலனால் சிரிக்க முடியவில்லை. அதற்கு முன் எல்லோருக்கும் நுரையீரல் ஸ்கேன் எடுக்காமல் ஒரு கைப்பிடித் தூசிகூட உள்ளே வராது என்று ஒற்றைக்காலில் நின்றான். எடுத்தார்கள். எட்டுப் பேர் தேவலை. தெய்வானையின் படத்தில் நுரையீரலின் அடிப்பக்கம் வலைவலையாகத் தழும்பு. மில்லில் போட்ட இருபது வருடம், தலையணையில் போட்ட ஆறு மாதம். அத்தனை பேரைக் காப்பாற்றிய அந்தத் தூசிதான் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

அவளிடம் சொல்ல அவனே போனான். இனிமேல் கொடை கிடையாது, மில் கிடையாது, நார்த் தலையணையும் கிடையாது. மருந்து இங்கேயே கொடுப்பார்கள்.

தெய்வானை படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புரிந்ததோ இல்லையோ, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மில்லுல என்ற கூடச் சலிச்சவங்க நாப்பது பேரு இன்னும் அங்கதானுங்க சார் இருக்கறாங்க. நானு நல்ல நம்பருன்னு எனக்குப் படம் புடிச்சீங்க. அவங்களுக்கு யாருங்க புடிப்பா?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை. மில்லிலிருந்து ஒன்பது பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்ததை மீட்பு என்று நினைத்துக்கொண்டிருந்தவன் அவன்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான். "அக்கா, அந்த மாதிரி தலகாணி இன்னொண்ணு ரொப்பச் சொன்னா ஊர்ல யாராச்சும் ரொப்பிக் குடுப்பாங்களா? நீங்க தூளைத் தொட வேண்டாம்."

"எதுக்குங்க?"

"ஒரு சோதனைக்கு."

"என்ற தங்கச்சிகிட்டச் சொல்றனுங்க. வெயில்ல மட்டும் போட்டுறாதீங்க. காஞ்சுபோச்சுன்னா பூசணம் போயிரும், அப்பறம் ஒண்ணுக்கும் ஆகாது."

ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. நார் மில்லுக்கு முன்னால் ஸ்கேன் வண்டி வந்து நின்று, நாற்பது பெண்களையும் வரிசையாகக் கூப்பிட்டார்கள். ஆறு பேரைத் தூசி வேலையிலிருந்து மாற்றினார்கள். அந்த வாரம் ஏழாவது மாடிக்குப் புதிதாக ஒரு நோயாளி வந்தார். ரஹ்மத் நிஷா பரிசோதனைக்கூடத்துக்கே இறங்கி வந்து நுண்ணோக்கியில் குனிந்தார்.

"எந்த நம்பர் இது?"

"பத்து" என்றான் ஜெயசீலன்.

"பத்தா? ஒன்பதோட நின்னுச்சே." எண்ணினார். மறுபடி எண்ணினார். "பத்துக்கு எட்டு! மில் ஆளா?"

"இல்லை டாக்டர். கொடையாளி பேரைச் சிகிச்சை பண்றவங்ககிட்டச் சொல்லக்கூடாது."

"ஆமா, உங்க விதி. தெரியும்." அவர் தகட்டை நகர்த்தினார். "அந்த ஸ்கேன் வண்டிக்கு நம்ம இயக்குநர் எப்படிய்யா ஒத்துக்கிட்டாரு? நானும் மண்டையை உடைச்சுக்கறேன்."

"இந்தப் பத்தாம் நம்பர் ஆள் போட்ட நிபந்தனை அது. நாப்பது பேருக்கும் படம் எடுத்தாத்தான் குழாயை விட விடுவேன்னுட்டார்."

"பலே. நல்ல ஆளா இருப்பார் போலயே." சொல்லிக்கொண்டே, "அந்தச் சீட்டை எடுங்க" என்று கை நீட்டினார்.

சீட்டு ஜெயசீலனுக்குப் பின்பக்க மேசையில் இருந்தது. அவன் கழுத்தைத் திருப்பவில்லை. தோளும் உடம்புமாக மொத்தமாகத் திரும்பி எடுத்து, அதே மாதிரி மொத்தமாகத் திரும்பி வந்து நீட்டினான். கரகரத்த தொண்டையை ஒரு வாய் வெந்நீர் விட்டு நனைத்துக்கொண்டான்.

டாக்டர் சீட்டை வாங்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீலன், கழுத்துக்கு என்ன ஆச்சு?"

"தலகாணி டாக்டர்" என்றான். "கொஞ்சம் கெட்டி. பழகிரும்."